பட்ஜெட்டில் விழும் துண்டு யார் தலையில் விழுகிறது? – இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு கேள்வி

பாம்பன்_வள்ளம் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் எங்கள் வீட்டு விசேஷத்திற்கு வந்திருந்த என் மைத்துனர், மதுரையில் மாதச் சம்பளத்தில் இருப்பவர், பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "வரி கட்டுவது நாங்கள், மானியம் வாங்குவது நீங்கள்" என்று சொல்லிவிட்டார். நாலு பேர் நடுவில் மறுமொழி தோன்றாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து அந்தச் சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நான் வருமான வரி கட்டியதில்லை என்பது உண்மை. கட்டும் அளவுக்கு வருமானம் வந்ததும் இல்லை. ஆனால் என் வள்ளத்துச் (இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு) செலவை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதைப் புரட்டியபோது 2020 மே மாதத்துப் பக்கம் கண்ணில் பட்டது. ஊரடங்கினால் பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் கரையிலேயே கருவாடாக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஒரே இரவில் டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் 50 காசும் பெட்ரோல் 3 ரூபாய் 25 காசும் ஏறியிருந்தன. மாநில அரசின் வருவாய் நின்றுபோனதால் வரியை உயர்த்தினார்கள் என்று அப்போது சொன்னார்கள். என் வருவாயும் அதே நாட்களில்தான் நின்றிருந்தது.

அரசுக்குத் துண்டு விழும்போது அந்தத் துண்டை ஈடுகட்ட அது எந்தெந்த வாசலுக்கு வருகிறது, அதில் எங்களைப் போன்றவர்கள் கொடுப்பது எவ்வளவு என்பதே என் கேள்வி. கட்சிச் சண்டை வேண்டாம். கணக்குத் தெரிந்தவர்கள் கணக்கோடு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை_ராம்நாடு

தம்பி, நான் அரசுக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

வருவாய்ப் பற்றாக்குறை என்பது, சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே அரசின் வரவு போதாமல், மிச்சத்தைக் கடன் வாங்கிச் சமாளிக்கும் நிலையாகும். தமிழ்நாட்டில் 2020-21ஆம் ஆண்டில் அது 61,320 கோடி ரூபாயாக இருந்தது. 2021 ஆகஸ்ட் 9ஆம் நாள் வெளியான வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. 2025-26 வரவு செலவுத் திட்டத்திலும் 41,635 கோடி ரூபாய் பற்றாக்குறை மதிப்பிடப்பட்டிருந்தது. எனவே இது ஓராண்டு வந்து போன காய்ச்சல் அன்று.

இனி அரசு எந்த வாசலுக்கு வருகிறது என்பதைப் பார்ப்போம். வருமான வரியும் சுங்கமும் ஒன்றிய அரசிடம் இருக்கின்றன. 2017 ஜூலை முதல் நாளிலிருந்து பெரும்பாலான பொருள்களின் விற்பனை வரி ஜிஎஸ்டிக்குள் போய்விட்டதால், ஒரு மாநிலம் தனக்குப் பணம் போதவில்லை என்று சோப்புக்கோ சிமெண்டுக்கோ தனியாக வரியை ஏற்ற முடியாது. மாநிலங்களுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட ஜிஎஸ்டி இழப்பீடும் 2022 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. மாநிலத்தின் கையில் மிஞ்சியிருப்பவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி, மின்சாரத்தின் மீதான வரி போன்ற சிலவே. துண்டு விழும்போதெல்லாம் கை இவற்றின் மீதே போவதற்குக் காரணம், கைக்கு எட்டுவது இவை மட்டுமே என்பதுதான். இவை அனைத்தும் பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவன. வாங்குகிறவர் ஏழையா பணக்காரரா என்று பார்ப்பதில்லை.

நீங்கள் குறிப்பிட்ட 2020 மே மாதத்தில் விலை ஏறியது மட்டும் நடக்கவில்லை. வரியின் வடிவமே மாறியது. அதற்கு முன்பு பெட்ரோலுக்கு 34 விழுக்காடும் டீசலுக்கு 25 விழுக்காடும் மதிப்புக் கூட்டு வரியாக இருந்தன. அதைப் பெட்ரோலுக்கு 15 விழுக்காட்டோடு லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசு என்றும், டீசலுக்கு 11 விழுக்காட்டோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு என்றும் மாற்றினார்கள். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை அடிமட்டத்திற்குப் போயிருந்த நேரம் அது. விழுக்காட்டு வரி மட்டும் இருந்தால், விலை விழும்போது வரியும் சேர்ந்து விழுந்துவிடும். லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக வைத்துவிட்டால் விலை எவ்வளவு விழுந்தாலும் கருவூலத்துக்கு அந்தத் தொகை வந்துகொண்டிருக்கும். விலை இறக்கத்தின் பலன் முழுவதாக உங்கள் வள்ளத்துக்கு வராமல் போனதற்கு இது ஒரு காரணம். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு சொன்னது. அப்போது டீசல் வரியைக் குறைக்கவில்லை.

மாநிலத்தை மட்டும் குறை சொன்னால் கணக்கு கோணலாகிவிடும். அதே 2020 மே மாதத்தில் ஒன்றிய அரசும் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தியது. அந்த உயர்வு மேல்வரியாகவும் கூடுதல் தீர்வையாகவும் போடப்பட்டதால் மாநிலங்களுக்கு அதில் பங்கு இல்லை. ஒன்றிய அரசு மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் வரித் தொகுப்பிலும், அந்தப் பங்கைப் பரிந்துரைக்கும் 13ஆவது நிதிக்குழுவில் 4.969 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, 15ஆவது நிதிக்குழுவில் 4.079 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மேலிருந்து வரவேண்டியது குறையும்போது கீழிருந்து எடுப்பது கூடுகிறது.

தொண்டிக்காரன்

கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதை நாம் மறைக்கக்கூடாது. மீன்பிடிப் படகுகளுக்கு விற்பனை வரி விலக்கோடு டீசல் கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் விசைப்படகுக்கான அளவை ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராகவும் உயர்த்தி அறிவித்தார்கள்.

மாநில வரிக்கு முந்தைய விலை 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 11 விழுக்காடு 8 ரூபாய் 25 காசு, அதோடு 9 ரூபாய் 62 காசு சேர்ந்து லிட்டருக்கு 17 ரூபாய் 87 காசு ஆகிறது. அப்படியானால் ஒரு வள்ளத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 78,600 ரூபாயும் ஒரு விசைப்படகுக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 39 ஆயிரம் ரூபாயும் அரசு விட்டுக்கொடுக்கிறது. மானாவாரியில் மிளகாய் போடும் என் சித்தப்பா டிராக்டருக்கு ஊற்றும் டீசலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தங்கச்சிமடம்_விசைப்படகு

தொண்டித் தம்பி போட்ட பெருக்கல் சரிதான். ஆனால் கடலுக்குப் போகிற கணக்கு வேறு. தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களைக் கழித்தால் எங்களுக்கு இருப்பது பத்து மாதங்கள். பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் விசைப்படகு இறங்கலாம். காற்று, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் எதுவுமே இல்லாமல் போனாலும் மாதத்துக்குப் பதின்மூன்று நடைகள் வரும். 19,000 லிட்டரைப் பங்கிட்டால் ஒரு நடைக்கு 146 லிட்டர்தான் வரிவிலக்கில் கிடைக்கும். என் படகுக்கு ஒரு நடைக்கு 250 லிட்டருக்குக் குறையாமல் ஆகிறது. மிச்சத்துக்கு நான் சாலையில் ஓடும் லாரிக்காரர் கொடுக்கும் விலையையே கொடுக்கிறேன்.

எரிபொருள் வரி என்பது பெரும்பாலும் சாலைக்காகத்தான் என்று சொல்லித்தான் மேல்வரியையே போட்டார்கள். என் படகு எந்தச் சாலையில் ஓடுகிறது என்று யாராவது சொல்ல வேண்டும். இந்தக் கரையிலிருந்து போகும் இறாலும் நண்டும் கணவாயும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகின்றன. ஏற்றுமதி செய்கிற நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி சுமை இல்லை. பிடித்துக் கொடுக்கிறவனுக்கு டீசலில் ஏறிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை, ஏனென்றால் டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. அந்த வரியை மீன் விலையில் ஏற்றிவிடலாமே என்று கேட்பார்கள். கரையில் விலை சொல்வது நாங்கள் அல்ல. முன்பணம் கொடுத்திருக்கும் கம்பெனிக்காரர்தான்.

சித்தப்பாவின் டிராக்டருக்கும் விலக்கு கொடுங்கள் என்று கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கீழக்கரை_காக்கா

கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் வளைகுடாப் பணத்தில் வாழ்பவை. பத்து வருடம் அங்கே வேகாத வெயிலில் வெந்து சேர்க்கும் பணம் கடைசியில் மனையாகவோ வீடாகவோதான் மாறும். அதனால் பத்திரப் பதிவுச் செலவு கூடினால் எங்கள் ஊருக்கு உடனே உறைக்கும்.

2017இல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கும் மனை மதிப்பை, 33 விழுக்காடு குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7 விழுக்காட்டோடு சேர்த்து மொத்தம் 11 விழுக்காடு ஆனது. 2023 வரவு செலவுத் திட்டத்தில் பதிவுக் கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தார்கள்; எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அதே அறிவிப்பில் வழிகாட்டி மதிப்பு 2012ஆம் ஆண்டு இருந்த நிலைக்குத் திரும்பியது. 2012இல் ஒரு லட்சம் மதிப்பிருந்த மனைக்கு, 2017க்குப் பின் 67,000 ரூபாய்க்கு 11 விழுக்காடு, அதாவது 7,370 ரூபாய் கட்டினோம். 2023 மாற்றத்துக்குப் பின் ஒரு லட்சத்துக்கு 9 விழுக்காடு, அதாவது 9,000 ரூபாய் கட்டினோம். விழுக்காடு இறங்கியது, கட்டிய தொகை ஏறியது. என் மச்சான் "குறைத்துவிட்டார்களாமே" என்று துபாயிலிருந்து தொலைபேசியில் கேட்டபோது, இதை விளக்குவதற்குள் அவருடைய அட்டையில் காசு தீர்ந்துவிட்டது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் இப்போது பத்திரங்கள் லாத்தாமார் பெயரில்தான் பதிவாகின்றன.

இராமேசுவரம்_மேலத்தெரு

சொத்து வரியை யாரும் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் நகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்த்தினார்கள். உயர்த்தாவிட்டால் நிதிக்குழு மானியம் கிடைக்காது என்பது சொல்லப்பட்ட காரணம். என் வீடு 900 சதுர அடி. வரி ஒன்றரை மடங்கானது. அதற்கு முன்பு நீண்ட காலம் உயர்த்தாமலேயே விட்டுவைத்திருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் நெஞ்சில் அடித்தது போல இருந்திருக்காது.

ஏர்வாடி_பாசிவீடு

அண்ணன்மார் எல்லோரும் டீசலையும் மனையையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் அம்மா கடற்பாசி எடுத்து என்னைப் படிக்க வைத்தவர். அவருக்கு வள்ளமும் இல்லை, மனையும் இல்லை. அப்படியானால் அவர் வரியே கொடுக்கவில்லையா என்று இந்த இழையைப் படித்தபோது யோசித்துப் பார்த்தேன்.

மதுக்கடை வருவாய், மதிப்புக் கூட்டு வரியும் ஆயத்தீர்வையும் சேர்த்து, 2024-25இல் 48,344 கோடி ரூபாய். கணக்குப்பிள்ளை ஐயா மேலே சொன்ன 41,635 கோடி ரூபாய்ப் பற்றாக்குறையின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். இந்த வருவாய் இல்லாவிட்டால் துண்டு இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும் என்பதால்தான் கடையை மூடும் பேச்சு தேர்தலோடு முடிந்துவிடுகிறது. 2020 மே மாதத்தில் கடைகளைத் திறந்தபோதும், மீண்டும் 2024 பிப்ரவரியிலும் குவார்ட்டருக்குப் பத்து ரூபாயும் இருபது ரூபாயும் விலை ஏற்றினார்கள். விலை ஏறினால் குடி குறையும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். என் அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் குடி குறையவில்லை. அரிசிப் பானையில்தான் குறைந்தது. அந்தப் பத்து ரூபாய் அப்பாவின் கையிலிருந்து போனதாக அரசுக் கணக்கில் இருக்கும். உண்மையில் அது, இடுப்பளவு தண்ணீரில் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறித்த என் அம்மாவின் பணம்.

திரும்ப வருவதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் கீழக்கரைக்குப் போய் வருகிறார். 2023 செப்டம்பரிலிருந்து உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதில் கணிசமான பகுதி, விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீருக்குப் போகிறது. தண்ணீரைக் குழாயில் கொடுத்திருந்தால் அந்தப் பணம் அவர் கையில் தங்கியிருக்கும்.

சாயல்குடி_ஒப்பந்தம்

வரி என்ற பெயரில் வராத ஒன்று உண்டு. நான் சிறு சிறு சாலை, வடிகால் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன். ஓர் உள்ளாட்சி அமைப்புக்கு (பெயர் வேண்டாம்) ஒரு சிமெண்ட் சாலை போட்டுக் கொடுத்தேன். அளவுப் புத்தகத்தில் பதிந்து, மேலதிகாரி கையெழுத்தும் ஆகி, பதினான்கு மாதங்கள் பில் வரவில்லை. "நிதி ஒதுக்கீடு வரவில்லை" என்பதே கடைசி வரை கிடைத்த பதில். ஜல்லிக்கும் சிமெண்டுக்கும் நான் வட்டிக்கு வாங்கிய பணம், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. அரசு என்னிடமிருந்து வட்டியில்லாக் கடன் வாங்கியது. நான் வட்டி கட்டினேன். இது எந்த வரவு செலவுத் திட்டப் புத்தகத்திலும் பற்றாக்குறையாகத் தெரியாது. என்னிடம் வேலை செய்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்தத் தீபாவளிக்கு நான் பாதிக் கூலிதான் கொடுத்தேன்.

கணக்குப்பிள்ளை_ராம்நாடு

சாயல்குடித் தம்பி சொன்னதை நான் பணியில் இருந்தபோது மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மார்ச் மாதக் கடைசியில் பில்களை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளுவது, பற்றாக்குறையைக் காகிதத்தில் சிறிதாக்கும் பழைய வழி. அதில் நானும் கையெழுத்துப் போட்டவன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வரியை ஏற்றாமலே இருந்தால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். கடன் வாங்கலாம். ஆனால் ஒன்றிய அரசின் ஒப்புதலோடு, ஒரு வரம்புக்குள்தான் வாங்க முடியும்; 2025-26இல் அது மாநில உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காடு, மின்துறைச் சீர்திருத்தத்துக்காக மேலும் அரை விழுக்காடு என்று இருந்தது. 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் ஏறத்தாழ 9.3 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள்; தலைக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய். இன்று ஏற்றாத வரி, நாளை வட்டியாகத் திரும்பி வரும். மூன்றாவது வழி செலவைக் குறைப்பது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வட்டியையும் குறைக்க முடியாது என்பதால், முதலில் வெட்டு விழுவது மூலதனச் செலவில்தான். மூக்கையூர்த் துறைமுகமும் குந்துகால் மீன் இறங்குதளமும் அந்த வகைச் செலவில் வந்தவை. துறைமுகம் இரண்டு ஆண்டு தள்ளிப்போனால் யாரும் சாலை மறியல் செய்ய மாட்டார்கள். டீசல் இரண்டு ரூபாய் ஏறினால் செய்வார்கள். ஆட்சியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே வரியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாகப் போட்ட தொகையைத்தான் முதலில் மறுபரிசீலனை செய்யச் சொல்வேன். 2023 நவம்பரில் வாகன வரியில் செய்தது ஒருவகையில் நல்ல முன்மாதிரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 விழுக்காடு, 5 லட்சத்துக்குட்பட்ட காருக்கு 12 விழுக்காடு என்று தகுதி பார்த்து வைத்தார்கள்.

தொண்டிக்காரன்

அதே அறிவிப்பில் இருசக்கர வாகனத்துக்கு 8 விழுக்காடாக இருந்ததை, ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்டால் 10 என்றும் அதற்கு மேல் 12 என்றும் ஆக்கினார்கள், ஐயா. பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்பவர் 1,20,000 ரூபாய் வண்டிக்கு முன்பு 9,600 கட்டியிருப்பார். இப்போது 14,400 கட்டுகிறார். இதில் என்ன தகுதி பார்த்தார்கள்?

கணக்குப்பிள்ளை_ராம்நாடு

ஒப்புக்கொள்கிறேன். அதை நான் விட்டுவிட்டேன்.

பாம்பன்_வள்ளம்

எல்லோருக்கும் நன்றி. கீழக்கரைக் காக்கா சொன்ன பத்திரக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

நேற்று இரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கடந்த ஓராண்டுக்கு என் பங்கை எழுதினேன். வள்ளத்துக்கு ஆன டீசல் 5,600 லிட்டர். 4,400 லிட்டர் வரிவிலக்கில் வந்தது. அதனால் மிச்சமான 78,600 ரூபாயை மைத்துனர் பக்கத்தில் எழுதிவிட்டேன். மீதி 1,200 லிட்டரைச் சாலையோரப் பங்கில் வாங்கினோம். தொண்டித் தம்பியின் கணக்குப்படி அதில் மாநில வரி மட்டும் 21,444 ரூபாய். எங்கள் வள்ளத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை ஏலப் பணத்தில் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்போம். பாதி வள்ளத்துக்கும் வலைக்கும், பாதி ஐந்து ஆட்களுக்கும் போகும். ஆகவே அந்த வரியில் ஓர் ஆளுக்கு 2,144 ரூபாய் பிடித்திருக்கிறது. என்னோடு கடலுக்கு வருகிற, சொந்தமாக ஒரு லிட்டர் டீசல்கூட வாங்காத பையனும் அதைக் கட்டியிருக்கிறான். அவனுக்கு அது தெரியாது. மகனுக்கு வாங்கிய 95,000 ரூபாய் வண்டிக்கு வாகன வரி 9,500 ரூபாய். அரசிடமிருந்து வந்த தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை எதிர்ப் பக்கத்தில் நேர்மையாக எழுதியிருக்கிறேன்.

இதை மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று படம் எடுக்கப் போனேன். என் மனைவி ஏர்வாடித் தங்கை எழுதிய பதிவை ஏற்கெனவே படித்திருக்கிறார் போலும். நோட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "டாஸ்மாக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதையும் எழுதிக் கூட்டிய பிறகுதான் மைத்துனருக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தொகையை இங்கே பதிவிடப் போவதில்லை.